மாற்றி வைத்த தட்டு

சங்ககிரியில் லாரிகளை நடத்தி, டிரைவர்களைச் சந்தேகப்பட்டே பழகிய அப்புசாமிக்கு வயதான காலத்தில் மருமகள் மேல் சந்தேகம். திருட்டைக் கண்டுபிடிக்க டீசல் டேங்கில் குச்சி விடுவது போல் சோற்றைக் கிளறிப் பார்த்தார்.

"என்ற சோத்துல என்னமோ கலந்திருக்கறா. உன்ற தட்டைக் குடுறா!"

மகன் தனபாலின் களித் தட்டைப் பிடுங்கிக்கொண்டு, தன் நெல்லுச்சோற்றையும் கோழிக்குழம்பையும் அவன் பக்கம் தள்ளினார். களியை வழித்துத் தின்றுவிட்டு, ஜெயித்த முகத்தோடு எழுந்து போனார்.

தனபால் கூசிப்போனான். "தினமும் இதே பேச்சு. மனசுல வெச்சுக்காத மைதிலி."

"சக்கரைக்குக் களிதான் திங்கோணும்னு டாக்டர் சொன்னப்ப மாமா தட்டையே வீசுனாருங்க. உங்க தட்டுல வெக்க ஆரம்பிச்சேன், ஒரு வாய் மிச்சம் வெக்கறதில்ல. நீங்க சாப்புடுங்க, கோழி உங்களுக்குன்னு ஆக்குனதுதான்."