குளிப்பாட்டியாச்சு

“யாரைக் கேட்டு எங்கப்பாவைக் குளிப்பாட்டுனீங்க?”

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று ஜெயரூபன் கத்தினான். வழியில் பசறையில் இறங்கி வாங்கிய கோடி வேட்டி கையிலிருந்த பையில் இருந்தது. நமுனுகுலத் தோட்டத்தில் அந்நேரம் குழி வெட்டத் தொடங்கியிருப்பார்கள்.

நர்ஸ் இரேஷா சிங்களப் பெண். ஆஸ்பத்திரியில் பழகிய தமிழில் நிதானமாகச் சொன்னாள்.

“நான்தானே காலைல போன் எடுத்துச் சொன்னேன். அப்பாவக் குளிப்பாட்டியாச்சு, வந்து பாருங்கன்னு.”

“பெத்த மகன் நான் இருக்கேன். கடைசித் தண்ணிய நான் ஊத்த வேணாமா? தோட்டத்து லயத்துல கெடக்குற ஆளுங்களுக்கு மொறையே கெடையாதுன்னு நெனச்சீங்களா?”

“வெளியாள் செய்ய ஏலாது. இந்த வார்டுல மருந்துக்கு அடங்காத கிருமி வருது. அதுக்குத்தான் மருந்துத் தண்ணி வச்சு நாங்களே ஒடம்பத் தொடைக்கிறோம்.”

“செத்த ஒடம்புக்கு என்னங்க கிருமி?”

இரேஷா அவனையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய நிதானம் போய்விட்டது.

“பத்து நாளா தினமும் குளிப்பாட்டுறோம். பத்து நாளும் அவர் ஒங்களத்தான் கேட்டார். இன்னைக்குத்தான் வர நேரம் கெடச்சுதா?”

அவள் திரையை விலக்கினாள். தலையணையில் சாய்ந்திருந்த அப்பாவின் கண்கள் மகனிடமிருந்து பைக்கு இறங்கின. வெளியே துருத்திக்கொண்டிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“வேட்டியா? எனக்கா எடுத்த?”