ஒரு பெஞ்சு, மூன்று பேர்

“மூணு பேரு ஒரு பெஞ்சுல வரிசையா உக்காரணும். எத்தனை விதமா உக்காரலாம்?” காலை ஆட்டிக்கொண்டே கேட்டார் அப்பா. பார்வை எதிரே மூடியிருந்த கதவின் மேலேயே இருந்தது.

“ரெண்டு விதம்” என்றாள் மகள்.

“தலைப்பாடா அடிச்சுக்கிறேன், மண்டையில ஏறுதா? மூணை ரெண்டால பெருக்கு. ஆறு.”

“ரெண்டுதாம்ப்பா.”

“அடம் பிடிக்காதே. எழுதிக் காட்டு.”

நோட்டில் எழுதினாள்: அப்பா, நான், அம்மா. அம்மா, நான், அப்பா.

“மிச்சம் நாலு எங்கே?”

“அதுல எல்லாம் நீங்களும் அம்மாவும் பக்கத்துல பக்கத்துல வருவீங்களேப்பா.”

பெஞ்சின் மறுமுனையில், கைப்பை ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

கதவு திறந்தது. “விவாகரத்து கேஸ், ரெண்டு பேரும் உள்ள வாங்க. குழந்தை வெளியவே இருக்கட்டும்” என்றார் கோர்ட் ஊழியர்.

இருவரும் எழுந்து போனார்கள். இரண்டு பக்கமும் காலியான பிறகும் மகள் நடுவிலேயே உட்கார்ந்திருந்தாள்.