ரேகை விழாத விரல்

உப்பளத்தில் வேலை செய்யும் காசியம்மாள், சிறுநீரகக் கல்லுக்கு ஸ்கேன் எடுக்க வந்து, ஆஸ்பத்திரி கவுண்டரில் இருக்கும் ரேகை மெஷின்மேல் எட்டாவது முறையாகக் கட்டைவிரலை வைக்கிறாள். கண்ணாடிக்கடியில் சிவப்பு வெளிச்சம் எரிந்து அணைகிறது. "ரேகையே விழ மாட்டேங்குதுக்கா," என்கிறாள் கவுண்டர் பெண். இருபது வருஷம் உப்பு வாரிய விரல் கூழாங்கல் மாதிரி வழவழவென்றிருக்கிறது. காசியம்மாள் அதைப் புடவையில் துடைத்து மறுபடியும் வைக்கிறாள். "ரேகை விழுந்தா இன்சூரன்ஸ்ல போயிடும், நீங்க காசே கட்ட வேணாம். விழலன்னா ஐயாயிரத்து இருநூறு கட்டணுங்க." பக்கத்தில் நிற்கும் கணவன் பாலகுரு சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிறான், அதில் பஸ்ஸுக்குத்தான் இருக்கிறது. ஸ்கேனுக்காகக் குடிக்கச் சொன்ன ஒரு லிட்டர் தண்ணீர் அவள் அடிவயிற்றில் முட்டுகிறது, இடுப்பு விண்ணென்று தெறிக்கிறது. ஒதுங்க ஒரு மறைவில்லாத உப்புப் பாத்தியில் பொழுது சாயும்வரை அடக்கிப் பழகியவள், இங்கேயும் அடக்கிக்கொண்டு நிற்கிறாள். "இன்னிக்கு ஆவாதுக்கா. அடக்கிக்கினு நிக்காதீங்க, பாத்ரூம் போயிடுங்க." காசியம்மாள் போகிறாள். நாலு பக்கமும் வெள்ளை ஓடு பதித்த சுவர், கதவு, கதவுக்குத் தாழ்ப்பாள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் குந்துகிறாள். வெகுநேரமாகியும் ஒரு சொட்டு இறங்கவில்லை.