யாரும் ஊகிக்காத எண்

ஒரு கணினி தரும் எண்ணை இன்னொரு கணினி ஊகித்துவிடுவதால், வங்கிப் பூட்டுகளுக்கு இப்போது மனிதர்கள்தான் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்ல வேண்டும். கோவில்பட்டியில் அந்த வேலை செண்பகவல்லிக்கு. எந்த இயந்திரத்துக்கும் அவள் பிடிகொடுத்ததில்லை. யாராவது ஒருமுறை ஊகித்துவிட்டால் போதும், சீட்டுக் கிழிந்துவிடும்.

அன்று வீட்டில் மைக் முன்னால் உட்கார்ந்து அவள் வாயைத் திறப்பதற்குள், அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்த கணவர் குருசாமி, "எழுநூத்திப் பதிமூணு" என்றார்.

அவள் நினைத்ததும் அதேதான். சட்டென்று மைக்கை அணைத்தாள்.

"எப்படிங்க தெரிஞ்சுது?"

"முப்பது வருசம் உன்கூட குப்பை கொட்டியிருக்கேன். தெரியாமலா போவும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, இப்ப என்ன நினைக்கேன், சொல்லுங்க."

"நாளையிலருந்து வேலை நேரத்துல என்னை மார்க்கெட்டுக்குத் துரத்தணும்னு."

அதுவும் சரியாகவே இருந்தது.