மணப்பெண் நுழையும் இசை

மகள் சுகிர்தம் கல்லறையில் குழிவெட்டும் தாவீதின் மகனைக் கட்டிக்கொள்கிறாள் என்ற ஆத்திரம் ஞானாபரணத்துக்கு அடங்கவில்லை. மூன்று தலைமுறையாக ஊர் வேதக்கோவிலின் ஆர்கன் அவர் குடும்பத்தின் கையில் இருந்தது. வாசிக்க மறுப்பதும் மானக்கேடு. ஆகவே மணப்பெண் வாசலுக்கு வந்ததும் சவ அடக்க ஆராதனையில் பாடும் ஞானப்பாட்டை எடுத்தார். பழைய ஜெர்மன் ஆர்கன்காரர்களின் முறைப்படி, கைகள் மேலே அலங்காரமாக ஓட, பாட்டின் மெட்டை ஆர்கனின் அடியில் காலால் மிதிக்கும் கட்டைகளில் ஒளித்து வைத்தார்.

"கல்யாணக் களை கட்டிருச்சு மாமா!" என்றார் பக்கத்தில் நின்ற உபதேசியார்.

சுகிர்தம் பாதி வழியில் நின்றாள். அப்பா வாசிக்கையில் இசைப்புத்தகத்தின் பக்கம் புரட்டியே வளர்ந்தவளுக்கு, ஒளித்த மெட்டு பிடிபட்டுவிட்டது. முக்காட்டை விலக்கி, ஆர்கன் மாடத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருக்குப்பா அடக்கம்?"

பதிலுக்குக் காத்திராமல் அந்தப் பாட்டின் முதலடியை உரக்கப் பாடினாள். முதலடி காதில் விழுந்தால் சும்மா இருக்கத் தெரியாத சபை அது. எல்லாரும் எழுந்து சேர்ந்துகொண்டார்கள். தாவீது புத்தகமில்லாமலே பாடினார்.

பாட்டை நடுவில் விட்டவர் எவரும் ஞானாபரணத்தின் குடும்பத்தில் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். மகள் அவரையே பார்த்துப் பாடியபடி, அவர் கால்கள் மிதித்த தாளத்துக்கு அடியெடுத்து வைத்து, மணமகனை நோக்கி நடந்தாள்.