கொஞ்சம் நெருங்கி நில்லுங்க

திருக்காட்டுப்பள்ளி மண்டபத்தில் குரூப் போட்டோ எடுக்கும்போது ஆறு தடவை கத்தினேன். "மாமா பக்கம் கொஞ்சம் நெருங்கி நில்லும்மா!" மணப்பெண் பூமிகாவுக்கும் அவள் தாய்மாமனுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி.

"இதுக்கு மேல இடமில்லண்ணே" என்றாள். மாமாவும் அதையே சொன்னார். பந்திக்கு நேரமாகிறதென்று எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள். என்னவோ செய்யுங்கள் என்று எடுத்து முடித்தேன்.

நேற்று அவள் அம்மா கமலவல்லி, இறந்துபோன கணவரின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். "இவரையும் குரூப்ல சேர்த்துடுங்க தம்பி."

கல்யாணத்துக்குக் கல்யாணம் இதே தலைவலி. ஒருவரை நுழைக்க மற்ற எல்லோரையும் வெட்டி நகர்த்த வேண்டும். இந்தத் தடவை யாரையும் நகர்த்தவில்லை. கழுத்துக்குக் கீழே வேறு யாருடைய உடம்பையோ ஒட்டி அந்த இடைவெளியில் நிறுத்தினேன். அளவெடுத்தது போல் பொருந்தினார். வாட்ஸப்பில் அனுப்பினேன்.

உடனே போன். "கை ஏன் தம்பி தொங்குது? பொண்ணு தோள்ல இருக்கணும்."

இதற்கெல்லாம் முடிவே கிடையாதா என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரிஜினல் படத்தைத் திறந்து, பூமிகாவின் தோளைப் பெரிதாக்கினேன்.

பட்டுப்புடவை விரல் விரலாக நான்கு இடத்தில் அமுங்கியிருந்தது.