கம்பத்து வெள்ளைப் பெட்டி

பெரிய நர்ஸ் வார்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் நேரமாகப் பார்த்துத்தான் அந்த மனிதர் ஏணியோடு ஆஸ்பத்திரி முற்றத்துக்குள் நுழைந்தார். வாட்ச்மேன் கேட்டால் "சும்மா சர்வீஸ்" என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். வாட்ச்மேனோ ஒன்றும் கேட்காமல், சிரித்தபடி கேட்டைத் திறந்துவிட்டார்.

திருட வந்த ஆள் என்று எண்ணிவிட வேண்டாம். திருட்டு நாலு மாதத்துக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. இப்போது வந்திருப்பது அதைத் திருப்பி வைக்க.

அக்கம் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் ஏணிக்காரர். நெட்வொர்க் கடை அவருக்கும் மனைவிக்கும் பொது. கம்பத்தில் ஏறுவது, துளை போடுவது, வயர் இழுப்பது எல்லாம் இவர் பாடு. மாட்டிய பெட்டியைக் கடையில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் பிடித்து, அது என்ன ரகம் என்று திரையில் பார்த்து, பெயரும் பாஸ்வேர்டும் போட்டு ஓடவிடுவது அவள் பாடு. "எங்க வீட்டுக்காரர் செஞ்ச வேலையில குத்தம் சொல்ல முடியாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவாள். முன்பெல்லாம் அதைக் கேட்க இவருக்கு இனிக்கும்.

இந்த முற்றத்தில் நாலு சிமென்ட் பெஞ்சுகள் உண்டு. ஒரு பிள்ளையை உள்ளே சேர்த்துவிட்டு வாரக்கணக்கில் காத்துக்கிடக்கும் அம்மாக்கள், வீட்டில் விட்டுவந்த மற்ற பிள்ளைகளின் முகத்தைப் போனில் பார்ப்பது அங்கே உட்கார்ந்துதான். அவர்களுக்காகப் பெரிய நர்ஸ் அலையாய் அலைந்து, வெயில் மழைக்குத் தாங்குகிற, வெளியில் மாட்டும் வைஃபை ஆக்சஸ் பாயிண்ட் பெட்டி ஒன்றுக்கு அனுமதி வாங்கினார்.

அந்த ஒன்றைத்தான் ஏணிக்காரர் கொண்டுபோய் ஒரு பெரிய ஹோட்டலின் நீச்சல் குளத்துக்கு மாட்டிவிட்டார். உடனே வேண்டும் என்று ஹோட்டல் மேனேஜர் பிடுங்கி எடுத்தார், பெரிய இடத்தைப் பகைத்துக்கொள்ள இவருக்கு மனசு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சொன்ன தேதியோ மறுநாள். வீட்டுக்குள் மாட்டும் சாதாரணப் பெட்டி ஒன்றை வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, சுற்றிலும் பசை பூசி, கம்பத்தில் ஏற்றிவிட்டார். கீழே இருந்து பார்த்தால் யாருக்குத் தெரியப் போகிறது, அடுத்த சரக்கு வந்ததும் மாற்றிவிடலாம் என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

சரக்கு வந்தது. ஆனால் நன்றாக ஓடுவதை ஏன் கழற்றுகிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்தத் தெருவையே விட்டுவிட்டுச் சுற்றிப் போக ஆரம்பித்தார்.

மழைக்காலம் வந்ததும் கேட்கவே வேண்டாம். சாப்பிடும்போது போன் அடித்தால் கை தட்டிலேயே நின்றுவிடும். "அங்கேருந்தெல்லாம் வராது, நீங்க சாப்பிடுங்க" என்பாள் மனைவி. இவளுக்கு எங்கே தெரியப்போகிறது நம் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருப்பார்.

நேற்றுப் பெய்த பேய்மழையோடு அவர் பொறுமை போயிற்று. மனைவி வெளியே போன சமயம் பார்த்து, அலமாரியிலிருந்து அசல் பெட்டி ஒன்றை எடுத்துப் பைக்குள் மறைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஏணியைக் கம்பத்தில் சாய்த்தார். நிமிர்ந்து பார்க்கத் துணிச்சல் வரவில்லை. தலையைக் குனிந்தபடியே ஏணியின் காலுக்குக் கல் முட்டுக்கொடுத்தார்.

பெஞ்சில் ஒரு பெண் போனைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு மழைக்கும் பெட்டி சாகவில்லை போலிருக்கிறது. ஏணியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அண்ணே, கழட்டப் போறீங்களா? அஞ்சு நிமிஷம் பொறுத்துக்குங்க. என் சின்னவ இன்னைக்குத்தான் தானா சட்டை போட்டிருக்கா, காட்டிக்கிட்டு இருக்கா." பிறகு போனைப் பார்த்தபடியே, இதை மாட்டிய மகராசன் யாரோ, அவன் நல்லா இருக்கணும் என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவருக்கு.

"என்ன ஏணிக்காரரே, சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க?"

பின்னால் பெரிய நர்ஸ் நின்றிருந்தார். பாடம் பண்ணி வைத்த "சும்மா சர்வீஸ்" பேச்சை அதோடு விட்டுவிட்டார். பையிலிருந்த பெட்டியை எடுத்து அவர் முன்னால் நீட்டினார்.

"சிஸ்டர், உங்கள நான் ஏமாத்திட்டேன். மேல இருக்கறது வெளியில மாட்டுற சாமானே இல்ல. உங்களுக்கு வந்தத ஹோட்டலுக்குக் குடுத்துட்டு, இங்க ஒரு டப்பாவ ஏத்திட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. எழுதித் தரச் சொன்னாலும் தருகிறேன், இனி இந்த ஆஸ்பத்திரி வேலை தராவிட்டாலும் சரி என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கெஞ்சினார்.

"என் சம்சாரத்துக்கு மட்டும் இது தெரிய வேணாம். அப்புறம் அவ முகத்துல என்னால முழிக்க முடியாது."

பெரிய நர்ஸ் கோபப்படவில்லை. கம்பத்தைக் கையால் காட்டினார்.

"முதல்ல நிமிர்ந்து மேல பாருங்க."

நிமிர்ந்தார். பிளாஸ்டிக் டப்பாவைக் காணோம், பசையைக் காணோம். வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாத அசல் பெட்டி ஒன்று, முறையாகத் திருகாணி போட்டு, கம்பத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. அவருக்கு ஒன்றுமே புரியவில்லை. யார் மாற்றியது என்று கேட்டார்.

"உங்க வீட்டம்மாதான் ஆள் வச்சு மாத்தினாங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு நாலு மாசமா காத்துக்கிட்டு இருக்காங்க."